இசையமைப்பாளர்: மொங்கி கர்பி

ராதெஸ்,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின். (சாப்பாடு இறங்கவில்லை.)

அன்பிலும் அடக்கத்திலும் சிறந்தவனாக இருந்திருக்க வேண்டிய என் மைத்துனன் மொங்கிக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் தாஹர் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது:

இறைவன் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா நஜீபாவும் சுகம். என் இரத்த அழுத்தம் மட்டும் சுகமில்லை. அதற்கு உப்பு காரணமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். காரணம் யார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை, குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது. உன் மனைவியும் பிள்ளைகளும் உன் குழாய்க் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். லா குலெத்திலிருந்து ராதெஸுக்கு எட்டிக் கூப்பிடும் தூரம்தானே, கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் நான் வாயைத் திறந்ததுமே “மச்சான், லைன் சரியில்ல, ஒரே கொர்ருங்குது” என்று வைத்துவிடுகிறாய். நேரில் வந்தால் காப்பிக் கடையில் உன்னைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு நாற்காலி இல்லை. கடிதம் கொர் என்று சொல்லாது. ஆகவே இதை உட்கார்ந்து, கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்கிறேன் என்பது மரியாதைக்கு எழுதியது.

உனக்கு இசை தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளியில் இசை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் மற்றவர்களைப் போல டோமினோ ஆடிக்கொண்டு உட்காரவில்லை. இசைக்குறிப்பு எழுதுவதற்கு ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. நாம் வெறும் எழுத்துகளில் கட்டளை அடித்துக் கொடுத்தால் போதும், அதுவே ஐந்து கோடு இழுத்து, புள்ளி வைத்து, வால் போட்டு, அச்சுக்குத் தயாராக்கிக் கொடுத்துவிடும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உலகம் முழுக்க ஆட்கள் சம்பளமில்லாமல் வழிகாட்டி எழுதுகிறார்கள். அந்தப் பெரிய வழிகாட்டியில் நம்முடைய அரபு இசைக்கு ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு உதாரணம். அந்த உதாரணம் ஓடவே ஓடாது. தப்பித்தவறி ஓடினாலும் ராஸ்ட் ராகத்தின் மூன்றாவது சுரத்தைத் தப்பாகப் போடும். அந்த ராகத்துக்கு உயிரே அந்த மூன்றாவது சுரம்தான் மொங்கி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவிலே நிற்கும். உன் கடைக் குழாயை முழுக்கத் திறக்காமல் முழுக்க மூடாமல் ஒரு இடத்தில் நிறுத்தினால் தண்ணீர் சத்தமில்லாமல் விழுமே, அந்த இடம் என்று வைத்துக்கொள். பழைய உதாரணத்தை நம்பினால் குழாய் முழுக்கத் திறந்துகொள்ளும். மணப்பெண் பல்லக்கில் வந்து இறங்கும் நேரத்தில் இசைக்குழு வாசிப்பது, பியானோ வகுப்பில் புதிதாகச் சேர்ந்த குழந்தையின் பாடம் போல இருக்கும்.

இந்த அநியாயத்தைக் கண்டித்து நான் வழிகாட்டிக்குப் பொறுப்பாளரான இன்சாஃப் என்ற பெண்ணுக்கு மிக நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவள் ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரி. அந்த ஊர்க்காரர்கள் வார்த்தையைக்கூட வீணாக்க மாட்டார்கள். “நீங்க சொல்றது சரி சார். நீங்களே எழுதிக் குடுங்க” என்று பதில் வந்தது, அவ்வளவுதான். கூடவே விதிமுறை அனுப்பினாள். உதாரணம் சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் முழுசாக இருக்க வேண்டும். எடுத்து ஒட்டினால் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் ஓட வேண்டும். ஒரு உதாரணம் ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன், எனக்கே பாடமா என்று பொங்கிக்கொண்டு வந்தது. முதல் உதாரணத்தில் நாலு சுரம் எழுதி, மீதியை அவரவர் எழுதிக்கொள்ளட்டும் என்று மூன்று புள்ளி வைத்து அனுப்பினேன். கைருவானிலிருந்து ஊத் என்ற தந்தி வாத்தியம் பழகும் ஒரு மாணவன் எனக்கு எழுதினான்: “சார், மூணு புள்ளி வெச்ச எடத்துல எவ்ளோ நேரம் வாசிக்காம இருக்கணும்?” அன்றைக்கே நான் இன்சாஃபின் விதிமுறைக்குத் தலைவணங்கிவிட்டேன். நாலு அடி கொண்ட ஒரு சின்ன மெட்டை நானே போட்டு, முழுசாக எழுதி, ஒவ்வொரு வரிக்கு மேலேயும் சதவீதக் குறி வைத்து விளக்கம் எழுதினேன். சதவீதக் குறி வைத்த வரியை அந்த மென்பொருள் படிக்காமல் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் அது மனிதர்களுக்கான குறிப்பு. மனிதர்களும் அதைப் படிக்காமல் தாண்டிப் போவார்கள் என்று எந்த விதிமுறையிலும் எழுதியிருக்கவில்லை.

உதாரணத்தின் தலையில் பாட்டின் பெயர், இசையமைப்பாளரின் பெயர் என்று இரண்டு வரி உண்டு. அவற்றில் நான் நியாயமாக, எந்த முட்டாளுக்கும் புரிகிற மாதிரி, “பாட்டின் பெயர்” என்றும் “உங்கள் பெயர்” என்றும் போட்டேன். மேலே சதவீதக் குறி வைத்து, “இதை நீக்கிவிட்டு உங்கள் பெயரை எழுதவும்” என்றும் போட்டேன். நாபெலில் ஒரு கல்யாணத்தில் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், “அடுத்து வருவது ‘பாட்டின் பெயர்’, இசை ‘உங்கள் பெயர்’” என்று அப்படியே படித்திருக்கிறார். பெண்ணின் தகப்பனார் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று எழுந்து நின்று தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டனார் பெயர் வரை சொல்லியிருக்கிறார். இதை இன்சாஃபிடம் சொன்னபோது அவள், “சார், இங்க நிரப்புங்கன்னு எழுதினா யாரும் நிரப்ப மாட்டாங்க. நெசமான ஆள் பேர் மாதிரி ஒண்ணு போடுங்க. தன்னோட பேர் இல்லன்னு பாத்ததுமே மாத்திடுவாங்க” என்றாள். மனிதர்களைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் ஸ்ஃபாக்ஸ்காரர்களுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் உன் அக்காவிடம் கேட்டேன். “நஜீபா, இந்த நாட்டுலயே இசைக்கும் தனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு இருக்கிற ஒரு ஆள் பேர் சொல்லு.” அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், “ஏன், நம்ம மொங்கி இருக்கானே” என்றாள். இது உன் கூடப் பிறந்த அக்கா சொன்னது, நான் சொன்னது அல்ல. சொன்னதும் எனக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் கல்யாணத்தில் நீ கை தட்டிய தட்டில் தர்புக்கா வாசித்தவர் தன் வாத்தியத்தில்தான் ஏதோ கோளாறு என்று வாசிப்பதை நிறுத்தித் தோலைத் தடவிப் பார்த்தது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. மொங்கி கர்பி என்ற பெயரைப் பார்த்த எவனும் இது இசையமைப்பாளர் பெயர் என்று நம்பமாட்டான், உடனே அழித்துவிட்டுத் தன் பெயரைப் போடுவான் என்று நினைத்து, உதாரணத்தில் “இசையமைப்பாளர்: மொங்கி கர்பி” என்று அடித்தேன். இந்தக் கையால் அடித்தேன் மொங்கி. இந்தக் கையை என்ன செய்வது சொல்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் உதாரணத்தின் தெளிவுதான் காரணம். வேறு எந்த உதாரணமும் ஓடவில்லை, என்னுடையது ஓடியது. தூனிஸில் இருக்கும் கல்யாணக் குழு, சுன்னத்துக் குழு, பள்ளிக்கூடம், சங்கம் எல்லாம் என் பக்கத்தைத் திறந்து, எடுத்து ஒட்டி, கீழே தங்கள் சுரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். மேலே எதையும் தொடவில்லை. தொட்டால் ஓடாமல் போய்விடுமோ என்று பயம்! இசைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நான் ஒருநாள் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் இருந்தவர் கையில் லெ க்ராம் ஆரம்பப் பள்ளியின் பிரார்த்தனைப் பாட்டு. இசையமைப்பாளர், மொங்கி கர்பி. அவருக்கு முன்னால் ஒரு கால்பந்துக் குழுவின் பாட்டு, மொங்கி கர்பி. கடைக்காரர் மேசை மேல், யார் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாத, நம் முன்னோர் அந்தலூசியாவிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த பழைய மலூஃப் பாட்டு. அதற்கும் மொங்கி கர்பி! நான் கடைக்காரரிடம், “இந்த ஆள் யார்னு தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “மொங்கி கர்பிய தெரியாதா? நீங்கல்லாம் என்னய்யா மியூசிக் வாத்தியார்?” என்றார். பக்கம் கறுப்பாக விழுகிறது, மை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. சதவீதக் குறி வைத்து, “மொங்கி கர்பி என்பவர் குழாய் விற்கிறார், தயவுசெய்து பெயரை மாற்றவும்” என்று கொட்டை எழுத்தில் சேர்த்தேன். அதையும் யாரும் படிக்கவில்லை. பெயரை எடுத்துவிடு என்று இன்சாஃபிடம் கெஞ்சினேன். அவள், “புது பதிப்பு வர்றப்ப பாக்கலாம் சார். அந்தப் பக்கத்தத்தான் எல்லாரும் அதிகமா தொறக்கறாங்க. உங்க உதாரணம் அவ்ளோ தெளிவா இருக்கு” என்றாள். நான் எழுதியதை யாராவது பாராட்டி எத்தனையோ காலமாயிற்று. அந்த நிமிஷம் பெயரைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு நாக்கு வரவில்லை. அந்த நாக்கையும் இப்போது கடித்துக்கொள்கிறேன்.

இனி உன் நடத்தைக்கு வருகிறேன். இது தெரிந்த முதல் நாளே நீ, “ஐயா, நான் குழாய்க்காரன், என்னை விடுங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னாயா? கடற்கரைக் காப்பிக் கடையில் வயலின்காரர்கள் எழுந்து நின்று உனக்கு இடம் கொடுத்தபோது உட்கார்ந்தாய். மறுநாள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தாய், ஆகஸ்ட் மாத வெயிலில்! கல்யாண வீட்டுக்காரர்கள் கடை தேடி வந்து, “எங்க பொண்ணுக்கு ஒரு மெட்டு” என்று கேட்டபோது, “மெட்டெல்லாம் தானா வரணும், நாம தேடிப் போகக் கூடாது” என்று சொல்லி, அவர்களுக்குக் குளியலறைக் குழாய் ஒரு ஜோடி விற்று அனுப்பினாய். இதையெல்லாம் நான் பொறுத்தேன். ஆனால் ரேடியோவுக்குப் போனாய் பார், அதைப் பொறுக்க முடியவில்லை. நானும் உன் அக்காவும் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டு கேட்டோம். அந்த அறிவிப்பாளர்ப் பெண் நல்ல கேள்விதான் கேட்டாள்: “உங்க பாட்டு எல்லாமே ஒரே நாலு அடியில ஆரம்பிக்குதே, அது ஏன்?” ஏன்? அது என் உதாரணத்தின் நாலு அடி! ஒட்டியவர்கள் அதையும் எடுக்காமல் முன்னால் விட்டுவைத்து, அதற்கு முன்னிசை என்று பெயர் சொல்லிக்கொண்டு வாசிக்கிறார்கள்! நீ வாயைத் திறந்து இப்போதாவது உண்மையைச் சொல்கிறாயா என்று நான் உரித்த பட்டாணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, நீ ஒரு பெருமூச்சு விட்டு, “அது என்னோட கையெழுத்து” என்றாய். பட்டாணி முழுக்கத் தரையில். உன் அக்கா சிரித்த சிரிப்பில் மேல் வீட்டுக்காரி என்ன விசேஷம் என்று இறங்கி வந்துவிட்டாள்.

இதுவரை சொன்னது ஊர்க்கதை. இனிமேல் சொல்லப்போவது என் கதை, கழுத்துத் துணியை அவிழ்த்து வைத்துவிட்டுப் படி. நான் ஒரு சமாயி போட்டு வைத்திருப்பது உன் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சமாயி என்றால் பத்து அடித் தாளத்தில், நான்கு பகுதியாக, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதே பல்லவிக்குத் திரும்பி வருவது. பள்ளியில் பிள்ளைகள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த வகுப்புகளின் நடுவே, பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நான் போட்டது. மூன்றாவது பகுதியில் நான் சொன்னேனே, அந்த நடுச் சுரம், அதில் நாணல் குழல் மட்டும் தனியாக நிற்கும், மற்ற எல்லா வாத்தியமும் ஒதுங்கிக்கொள்ளும். ஹம்மாம்-லிஃப் கோடை இசை மாலைக்கு வருஷா வருஷம் நான் அதை அனுப்புவேன், தேர்வுக் குழுவினர் வருஷா வருஷம் திருப்பி அனுப்புவார்கள். ஒரு வருஷம் “பெயர் புதிது” என்று எழுதினார்கள். இன்னொரு வருஷம் “இன்னும் முதிர்ச்சி தேவை” என்று எழுதினார்கள். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது மொங்கி, இன்னும் என்ன முதிர்ச்சி? இந்த வருஷம் கைப்பிரதி வேண்டாம் என்று, அந்த மென்பொருளிலேயே அழகாக அச்சடித்து அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள்! “மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம்” என்று ஒரே வரி. யார் பெயரும் அதில் இல்லை. நான் அந்த வரியை உன் அக்காவிடம் படித்துக் காட்டும்போது குரல் சரியாக வரவில்லை. வெங்காயம் நறுக்குகிறாய், அதனால்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் நறுக்கிக்கொண்டிருந்தது வெள்ளரிக்காய்.

வெள்ளை ஜெப்பாவை உன் அக்கா இஸ்திரி போட்டாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கடற்காற்று, சுற்றிலும் குடும்பம் குடும்பமாக மக்கள், எல்லார் வாயிலும் சூரியகாந்தி விதை, அந்தக் கொறிக்கிற சத்தம் மழை மாதிரி. மேடையில் அறிவிப்பாளர் வந்து, “இப்போது நம் காலத்தின் மாபெரும் இசையமைப்பாளர், அடக்கத்தின் சிகரம்” என்று ஆரம்பித்தார். அடக்கம் என்றதும் நான்தான் என்று எழுந்திருக்கத் தயாராகி ஜெப்பாவைச் சரிசெய்துகொண்டேன். “மொங்கி கர்பி அவர்களின் சமாயி!” என்றார். சட்டைப்பையிலிருந்த என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். குழுவின் மேல் தப்பில்லை. நானும் என் உதாரணத்தைத்தான் எடுத்து ஒட்டியிருந்தேன். எழுதிய நானே மேல் வரியைப் பார்க்கவில்லை! என் பிள்ளை மாதிரி நான் வளர்த்த சமாயி, அதன் தலையில் உன் பெயர். அதற்கு முன்னால் அந்த நாலு அடி வேறு. திரும்பிப் பார்த்தேன். நீ மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, ஜனங்களைப் பார்த்துத் தலை வணங்கிக்கொண்டிருந்தாய். ஒரு பெண் உன் காதில் மல்லிகைக் கொத்து சொருகினாள். என் சமாயிக்கு, உன் காதில்!

நான் எழுந்து, “அது என்னோடது!” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்து, கண்ணில் தண்ணீரோடு, “எல்லாருக்குமே அப்படித்தான் தோணுது ஐயா. பெரிய கலைஞன் பாட்டுன்னா அப்படித்தான். உக்காருங்க, பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது” என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால்தான் கேட்டேன். மூன்றாவது பகுதி வந்தது, மற்ற வாத்தியங்கள் ஒதுங்கின, குழல்காரன் அந்த நடுச் சுரத்தைப் பிடித்தான். சரியாகப் பிடித்தான் மொங்கி, ஒரு மயிரிழை மேலே இல்லை, கீழே இல்லை. நான் இதுநாள் வரை என் மண்டைக்குள் மட்டும் கேட்டிருந்த அது வெளியே, காற்றில், எல்லார் காதிலும் விழுந்தது. அப்போது அத்தனை ஜனமும் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டது. நம் ஊரில் மௌத்து வீட்டில்கூட நிறுத்தாத சத்தம் அது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்திலா ஆத்திரத்திலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, இரண்டும் ஒன்றாகவே வந்தது. அந்த அமைதிக்கு நடுவில், தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், யாரோ ஒருவன் கை தட்டினான். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் கடைசி வார்த்தை இது. வருகிற வியாழக்கிழமை நீ நேராக ஹம்மாம்-லிஃபுக்குப் போய், தேர்வுக் குழுத் தலைவர் முன்னால் நின்று, நான் குழாய் விற்கிறவன், இது என் மச்சான் தாஹர் போட்ட சமாயி என்று சொல்ல வேண்டும். ரேடியோவிலும் சொல்ல வேண்டும். காப்பிக் கடையிலும் சொல்ல வேண்டும். அந்தக் கழுத்துத் துணியை உன் கடையில் குழாய் துடைக்கப் பயன்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் பெருநாளைக்கு என் வீட்டு வாசற்படியை மிதிக்காதே. உன் அக்கா எனக்குத் தெரியாமல் உனக்குக் கொடுத்தனுப்பும் மக்ரூத் பலகார டப்பாவும் இனி வராது. அந்த டப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும், உனக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் வெட்கத்தையும் தருவானாக. பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் மனைவியின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று நஜீபா கேட்கச் சொன்னாள்.

மிகுந்த கோபத்துடன்,
தாஹர்
(இசை ஆசிரியர், ஓய்வு, அந்தச் சமாயியின் ஒரே சொந்தக்காரன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது திங்கட்கிழமைத் தபால் வந்தது. ஹம்மாம்-லிஃப் குழுவிலிருந்து. உறையின் மேல் உன் பெயர், என் வீட்டு முகவரி, ஏனென்றால் சமாயி இங்கிருந்துதான் போனது. உன் அக்கா பிரித்துவிட்டாள். நிறைவு நாள் கச்சேரிக்கு, பெரிய வாத்தியக் குழுவோடு, உன்னுடைய புதுப் படைப்பு ஒன்று வேண்டுமாம். கீழே இன்னொரு வரி: “இதே முகவரியிலிருந்து வருடந்தோறும் அனுப்பிவந்த தாஹர் என்பவரிடம், இனி எதையும் அனுப்ப வேண்டாம் எனத் தாங்களே பக்குவமாகச் சொல்லவும், அவரிடம் தங்கள் சாயல் அதிகம்.” நான் அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். உன் அக்கா வாங்கி வைத்துக்கொண்டு, “அன்னிக்கு அழுதீங்களே, பேருக்கா, பாட்டுக்கா?” என்றாள். “ரெண்டுக்கும்” என்றேன். “ரெண்டுல ஒண்ணு கெடைக்குதுல்ல?” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மொங்கி, மேசை இழுப்பறையில் நான் போட்ட இன்னொரு பாட்டு இருக்கிறது. சமாயியைவிட நன்றாக இருக்கும், அதிலும் அந்தச் சுரம் வருகிறது, இந்தத் தடவை எல்லா வாத்தியமும் சேர்ந்து அதில் வந்து நிற்கும். இன்று காலை அதை அடிக்க உட்கார்ந்தேன். உதாரணத்தை எடுத்து ஒட்டினேன். இசையமைப்பாளர் வரியில் உன் பெயரை அழித்து என் பெயரை அடித்தேன், கொஞ்ச நேரம் பார்த்தேன், அதை அழித்துவிட்டு உன் பெயரையே திரும்ப அடித்தேன். பாட்டின் பெயர் வரி மட்டும் மிச்சம் இருந்தது. அதில் “தாஹர்” என்று போட்டிருக்கிறேன். அறிவிப்பாளர் படித்துத்தான் ஆக வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் மேல் வரியில் இருப்பதை மாற்ற மாட்டார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே வியாழக்கிழமை நீ எங்கேயும் போகாதே, யாரிடமும் எதுவும் சொல்லாதே. கழுத்துத் துணியைத் துவைத்து வை. உனக்குப் பக்கத்து நாற்காலியை எனக்குப் பிடித்து வை, மக்ரூத்தை நானே எடுத்து வருகிறேன். யாராவது தாஹர் யார் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டு, அது போதும். ஆனால் அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், கை மட்டும் தட்டாதே.